கண்டி மலையும் கட்டட விதியும்



கட்டடம் கட்டுவோர் கைக்கொள்ள வேண்டிய விதிகள் என்றவுடன், அது பொறியியலாளருக்கும் மாநகர சபை எழுதுவினைஞருக்கும் மட்டுமே உரிய வறண்ட பொருள் என்று எண்ணுவோர் பலர். வரலாறு கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அவ்விதிகள் வேறு விதமாகத் தோன்றுகின்றன. ஒரு நாட்டின் கட்டட விதிகளை ஆண்டு வரிசையில் அடுக்கிவைத்துப் படித்துப் பாருங்கள். அந்நாடு எந்த ஆண்டில் எதைக் கண்டு அஞ்சியது, எவரைக் காக்க விரும்பியது, எவரை மறந்துபோயிற்று என்பன யாவும் அவற்றில் வெளிப்படும். கண்டி நகரையும் அதனைச் சூழ்ந்த மலைப் பகுதியையும் எடுத்துக்கொண்டு, சூறாவளி என்னும் பகைவனை எதிர்கொள்ள நாம் எழுதிவைத்த விதிகள் எங்கே தொடங்கின, எங்கே வந்து நின்றன என்பதை இன்று ஆராய்வோம்.

கண்டியரசின் காலத்திற் கட்டட விதி இருந்ததா என்று மாணவர் சிலர் என்னைக் கேட்பதுண்டு. இருந்தது. 1660-ஆம் ஆண்டில் திருகோணமலையை அடுத்த கொட்டியாரத்திற் பிடிபட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுக் காலம் மலைநாட்டிற் சிறைவாழ்வு வாழ்ந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1679-இல் தப்பிச் சென்று, 1681-இல் இலண்டனில் வெளியிட்ட தமது நூலில் அதனைக் குறித்துள்ளார். இரண்டாம் இராசசிங்கனின் ஆட்சியிற் குடிமக்கள் தம் வீட்டை ஒரு நிலைக்கு மேல் உயர்த்தலாகாது. கூரைக்கு ஓடு வேயலாகாது. சுவருக்குச் சுண்ணாம்பு பூசி வெண்மையாக்கலாகாது. மாடியும் ஓடும் வெள்ளைச் சுவரும் தகுதியின் அடையாளங்கள். அத்தகுதி எல்லோர்க்கும் உரியதாகாது என்பதே அவ்விதியின் கருத்து.

எவரையும் மழையிலிருந்தோ காற்றிலிருந்தோ காப்பதற்கென்று அவ்விதி எழவில்லை. ஆயினும் அதனால் ஒரு நன்மை விளைந்தது. வரிச்சுக் கட்டி மண் அப்பிய தாழ்ந்த சுவரும், வைக்கோல் வேய்ந்த இலேசான கூரையும் கொண்ட வீடு சரிந்தாலும், உள்ளே இருப்போரை நசுக்கும் பாரம் அதற்கில்லை. அன்றைய சிற்றூர் அமைந்த விதத்தையும் இங்கே நோக்குதல் வேண்டும். மலையின் முடியிற் காடு; அதன் கீழ்ச் சரிவிற் பலாவும் கித்துளும் கமுகும் மிளகுக் கொடியும் அடர்ந்த வீட்டுத் தோட்டம்; அத்தோட்டத்தினிடையே, பெரும்பாலும் அதன் அடிப்பகுதியில், வீடு; வீட்டுக்குக் கீழே வயல். மலைமுடிக் காட்டை வெட்டாதே, செங்குத்தான சரிவைத் தோண்டாதே, நீர் ஓடும் வழியில் வீடு வையாதே என்பவை எந்த ஏட்டிலும் எழுதப்படாமலே பயின்றுவந்தன. அதனைப் பொற்காலமென்று நான் புகழ வரவில்லை. அக்காலத்திலும் மலை சரிந்திருக்கும். குடிகள் தொகை சிறிதாகவும், குடியிருக்க ஏற்ற இடம் மிகுதியாகவும் இருந்தமையால், ஆபத்தான இடத்தை விட்டு விலகி நிற்க மக்களால் முடிந்தது. விலகி நிற்கும் அவ்வுரிமையே இவ்வுரையில் மீண்டும் மீண்டும் நம் முன் வரப்போகும் பொருளாகும்.

1815-இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1840-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியவையாக்கிற்று. காப்பித் தோட்டங்கள் மலை முடிவரை ஏறின. காப்பியைப் பூஞ்சண நோய் அழித்த பின்னர் தேயிலை வந்தது. 1867-இல் ஜேம்ஸ் டெயிலர் முதன்முதலாகத் தேயிலையைத் தோட்டப் பயிராக்கிய லூல்கந்துரை கண்டிக்குத் தென்கிழக்கே உள்ளதுதான். அதே ஆண்டிற் புகையிரதமும் கண்டியை வந்தடைந்தது. முடிக்காடு போயிற்று என்பதையும், அக்காட்டின் இடத்தில் ஒரு புதிய குடி கொண்டுவந்து வைக்கப்பட்டது என்பதையும் இப்போதைக்கு மனத்திற் கொள்வோம். அக்குடியிடம் பின்னர் வருவேன்.

நகரத்துக்கு இன்றும் அடிப்படையாக நிற்கும் கட்டட விதி 1915-ஆம் ஆண்டின் 19-ஆம் இலக்க வீடமைப்பு, நகரத் திருத்தக் கட்டளைச் சட்டமாகும். அதற்கு முந்திய ஆண்டாகிய 1914-இல் கொள்ளைநோய் கொழும்பிற் புகுந்தது. எலிகள் செத்தன, மக்கள் மடிந்தனர். நெருக்கமான தெருக்களும், காற்றும் ஒளியும் புகாத அறைகளுமே நோய்க்கு இருப்பிடம் என்று அரசினர் கருதினர். ஆதலால் அச்சட்டம் தெருவின் அகலத்தையும், வீட்டின் பின்னால் விடவேண்டிய வெளியையும், சாளரங்களையும் பற்றி மிகுந்த கவலை கொண்டது. தெருவின் மறுபக்கத்திலிருந்து அறுபத்து மூன்றரைப் பாகைச் சாய்வில் ஒரு கோட்டை மேல்நோக்கி வரைந்தால், கட்டடம் அக்கோட்டைக் கடந்து உயரலாகாது என்ற விதி, ஒளி வீட்டினுள் விழவேண்டும் என்னும் நோக்கில் எழுந்தது. வரைபடத்தைச் சபைத் தலைவர் அங்கீகரித்த பின்னரே அத்திவாரம் வெட்டலாம். கட்டி முடிந்ததும், வரைபடத்துக்கு இணங்கவே கட்டப்பட்டது என்று சான்றிதழ் பெற்ற பின்னரே குடிபுகலாம். இம்முறையும் அச்சட்டம் தந்ததே.

நல்ல சட்டம், தான் அஞ்சிய பகைவனை நன்றாகவே அறிந்திருந்தது. அப்பகைவன் நோய். கூரையைப் பெயர்க்கும் காற்றும், வீட்டின் பின்னால் நிற்கும் மலையும் அதன் கணக்கில் முதன்மை பெறவில்லை. கொழும்பின் சமநிலத்தை மனத்திற் கொண்டு எழுதிய விதி, கண்டியின் சரிவுக்கும் அப்படியே வந்து சேர்ந்தது.

இனிக் காற்றினிடம் வருவோம். இலங்கையின் கிழக்குக் கரையும் வடகரையும் வங்கக் கடற் சூறாவளியின் பாதையில் உள்ளன. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாளை ஒட்டி இத்தீவின் வடபகுதியைக் கடந்த சூறாவளியே அன்றிரவு பாக்குநீரிணைக்கு அப்பால் தனுஷ்கோடியை அழித்தது; அந்நகருக்குப் போய்க்கொண்டிருந்த புகைவண்டியும் பயணிகளோடு அலைக்கு இரையாயிற்று. எனினும் இந்நாட்டின் கட்டட விதியைத் தட்டி எழுப்பியது 1978-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியேயாகும். தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஏறத்தாழ இரண்டரை இலட்சம் வீடுகள் சேதமுற்றன. பத்து இலட்சம் மக்கள் பாதிக்கப்பட்டனர். தென்னந்தோப்புகள் சீப்பால் வாரியது போல ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தன என்று அக்காட்சியைக் கண்டோர் இன்றும் கூறுவர்.

அந்த இரவு கற்பித்த பாடத்தை எளிய சொல்லிற் கூறலாம். காற்று வீட்டை மோதும்போது சுவரைத் தள்ளுவதோடு நின்றுவிடுவதில்லை. கூரைக்கு மேலே விரைந்தோடும் காற்று அங்கே அழுத்தத்தைக் குறைக்கின்றது. உடைந்த கதவு சாளரங்களின் வழியே உட்புகுந்த காற்று கீழிருந்து மேலே உந்துகின்றது. ஆகவே கூரை கீழே விழுவதில்லை, மேலே பறக்கின்றது. நம்மவர் கூரையைப் பாரந்தாங்கும்படி கட்டிப் பழகியவர்கள். அதைக் கீழே இறுகப் பிடித்துக் கட்டவேண்டும் என்று எண்ணிப் பழகியவர்களல்லர். தகடு கைமரத்தையும், கைமரம் சுவர்மேற் கிடக்கும் மரத்தையும், அம்மரம் சுவரையும், சுவர் அத்திவாரத்தையும் பற்றிக்கொண்டு நிற்கவேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி நெகிழ்ந்தாலும் மற்றவற்றின் வலிமை வீணாகும். ஒரு முழ நீளக் கம்பியும் நான்கு திருகாணியும் ஒரு குடும்பத்தைக் காக்கும் என்பது மிகைக் கூற்றன்று.

அவுஸ்திரேலியாவின் டார்வின் நகர் இதனை நான்கு ஆண்டுகளுக்கு முன்பே கற்றிருந்தது. 1974-ஆம் ஆண்டு நத்தார் நாளன்று அந்நகரின் வீடுகளிற் பெரும்பாலானவற்றை ஒரு சூறாவளி சிதைத்தது. பெரிய கட்டடங்களுக்கு மட்டும் கணக்குப் பார்த்து, வீடுகளைக் கொத்தனாரின் வழக்கத்துக்கு விட்டுவிட்ட பழைய முறையை அதன் பின்னரே அந்நாட்டார் கைவிட்டனர்.

மட்டக்களப்புச் சூறாவளிக்குப் பின், 1980-இல், உள்ளூராட்சி, வீடமைப்பு, நிருமாண அமைச்சு, கடுங்காற்றுக்கு ஏற்பக் கட்டடங்களை வடிவமைப்பது பற்றி ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டது. அந்நூல் இலங்கையை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்தது. கிழக்குக் கரையோரம் முதலாம் வலயம். அதற்கு உட்புறமாக வடக்கு நோக்கிப் பரந்த நிலம் இரண்டாம் வலயம். எஞ்சிய பகுதி மூன்றாம் வலயம். முதலாம் வலயத்துச் சாதாரணக் கட்டடம் செக்கனுக்கு 49 மீற்றர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 176 கிலோமீற்றர் வேகக் காற்றைத் தாங்கவேண்டும். இரண்டாம் வலயத்தில் அது 43 மீற்றர். மூன்றாம் வலயத்தில் 33 மீற்றரளவே. காற்றின் உதைப்பு அதன் வேகத்தின் வர்க்கத்தோடு பெருகுவதால், முதலாம் வலயத்து வீடு தாங்கவேண்டிய சுமை மூன்றாம் வலயத்து வீட்டின் சுமையைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகம்.

அந்நூலில் என்னைக் கவர்ந்த பகுதி வேறொன்று. பேரிடரின் பின்னரும் இயங்கவேண்டிய கட்டடங்களுக்கு அது தனி வேகம் வகுத்தது. முதலாம் வலயத்தில் அவை 54 மீற்றரையும், மூன்றாம் வலயத்தில் 38 மீற்றரையும் தாங்கவேண்டும். எல்லா வீடுகளும் விழுந்தாலும் மருத்துவமனை நிற்கவேண்டும் என்னும் எண்ணம், எண்ணாக எழுதப்பட்டது இவ்வாறுதான்.

கண்டி எந்த வலயத்தில் உள்ளது? மூன்றாம் வலயத்தில். காற்றை மட்டும் கருதினால் இது முற்றிலும் நியாயமே. கடலிலிருந்து வலிமை பெற்ற சூறாவளி நிலத்தில் ஏறியதும் நீராவி உணவை இழந்து தளர்கின்றது; மலைத்தொடர் அதை மேலும் குலைக்கின்றது. கண்டியில் வீடு கட்டுவோன் காற்றைக் கண்டு பெரிதும் அஞ்சவேண்டியதில்லை என்று அந்நூல் கூறியதில் தவறு காண இயலாது. ஆனால் வலயப் படத்தைப் பார்த்தவர்கள், காற்று இல்லையேற் சூறாவளியும் இல்லை என்று எண்ணிவிட்டார்கள். இங்கேதான் பிழை நேர்ந்தது.

மலைநாட்டுக்குச் சூறாவளி காற்றின் உருவில் வருவது அரிது. நீரின் உருவில் வருகின்றது. கடலில் அள்ளிய ஈரத்தைச் சுமந்துவரும் முகில் மலையில் மோதி மேலேறிக் குளிர்ந்து, சுமந்ததெல்லாவற்றையும் அங்கேயே கொட்டுகின்றது. கண்டியைச் சூழ்ந்த சரிவுகளிற் பலவற்றில் உறுதியான பாறைக்கு மேல், பழங்காலத்திற் சரிந்துவந்த மண்ணும் உருளைக் கற்களும் கலந்த படிவம் தளர்வாகக் கிடக்கின்றது. வீடு கட்ட நினைப்பவன் என்ன செய்கிறான்? சரிவின் உட்பக்கத்தைச் சுவர்போல் நேராக வெட்டுகிறான். வெட்டிய மண்ணை வெளிப்பக்கத்திற் கொட்டி மிதித்துச் சமநிலமாக்குகிறான். பாதி வீடு வெட்டிய நிலத்திலும், பாதி வீடு கொட்டிய மண்ணிலும் எழுகின்றது. பின்னால் எழுப்பும் தடுப்புச் சுவரில் நீர் கசிந்து வெளியேறத் துளை விடுவதில்லை. அழகு கெட்டுவிடும் என்று பூசி மறைப்பவர்களும் உண்டு. மலக்குழியின் நீரையும் கூரை நீரையும் அதே சரிவில் விடுகிறான். மழை பெய்யப் பெய்ய மண்ணினிடையே நீர் தேங்கி, மண்ணைப் பிடித்துவைத்த உராய்வு குறைகின்றது. ஒரு கணத்தில் மலை தன் பழைய பயணத்தைத் தொடர்கின்றது. இவ்வீட்டின் கூரையை எத்தனை திருகாணி கொண்டு பூட்டினும் பயன் யாது?

சரிவுக்கென்று ஒரு விதி வேண்டும் என்பதை உணர உலகில் எவர்க்கும் உயிர்ச் சேதம் தேவைப்பட்டிருக்கிறது. ஹொங்கொங்கில் 1972-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் இரு மண்சரிவுகள் 138 பேரைக் கொன்றன. 1976-இல் மீண்டும் சரிந்தது. 1977-இல் அந்நகர் சரிவுகளைக் கண்காணிக்கவென்றே ஓர் அலுவலகம் அமைத்து, வெட்டும் சரிவு ஒவ்வொன்றுக்கும் அதன் ஒப்புதலை வேண்டிற்று.

நம் நாட்டில் 1951-ஆம் ஆண்டின் மண் பாதுகாப்புச் சட்டம் சரிவிலுள்ள பயிர் நிலத்தைக் கருதியது. வீட்டு நிலத்தை அவ்வளவாகக் கருதவில்லை. 1984-இல் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தோன்றியது. 1986-இல் மலைநாட்டிலும், 1989-இல் கேகாலைப் பக்கத்திலும் நேர்ந்த பெருஞ்சரிவுகளின் பின், 1990-இல் ஐக்கிய நாடுகளின் உதவியோடு பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு ஆபத்து வரைபடம் வரையும் பணி தொடங்கிற்று. பின்னர் கண்டி முதலிய மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. 2011 முதல், மண்சரிவு அபாயமுள்ள பத்து மாவட்டங்களிற் கட்டடத்துக்கு அனுமதி வழங்குமுன் அந்நிறுவனத்தின் அறிக்கையைப் பெறவேண்டும் என்ற நடைமுறை வந்தது. அப்பத்தில் கண்டியும் ஒன்று. இன்று வானொலியிலும் கைத்தொலைபேசியிலும் நாம் கேட்கும் எச்சரிக்கையும் அந்நிறுவனம் வகுத்ததே: இருபத்து நான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு; 100 மில்லிமீற்றரானால் எச்சரிக்கை; 150 மில்லிமீற்றரைத் தாண்டினாலோ, ஒரு மணி நேரத்திலேயே 75 மில்லிமீற்றர் பெய்தாலோ வீட்டை விட்டு வெளியேற்றம்.

ஆக, கொள்ளைநோய்க்கு ஒரு விதி, காற்றுக்கு ஒரு விதி, சரிவுக்கு ஒரு விதி என்று மூன்றும் நம்மிடம் உண்டு. ஒவ்வொன்றும் ஓர் அழிவின் பின் எழுந்தது. அவ்வழிவு நேர்ந்த இடத்தையே கண்முன் கொண்டு எழுதப்பட்டது. நகரத்திலும் இவை முழுதும் கைக்கொள்ளப்படுகின்றன என்று சொல்ல நெஞ்சு துணியவில்லை. 2020-ஆம் ஆண்டு செப்டெம்பரில் கண்டி புவெலிகடையில் ஐந்து மாடிக் கட்டடமொன்று சரிந்து பக்கத்து வீட்டின் மேல் விழுந்து, பெற்றோரையும் அவர்களது கைக்குழந்தையையும் கொன்றது. அன்று சூறாவளி எதுவும் வீசவில்லை. கண்டிப் பள்ளத்தாக்கிற் சமநிலம் சிறிது. வாவியையும் தலதா மாளிகையையும் சூழ்ந்த பழைய நகர் 1988-இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்று, அங்கே உயரத்துக்கும் உருவத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. ஆதலால் வளரும் நகர் சரிவில் ஏறுகின்றது. இவை உண்மையே. எனினும் நகரத்தான் ஒருவன் விதியை மீறினால், மீறுவதற்கு அவனுக்கு ஒரு விதி இருக்கின்றது. அவன் பெயரில் உறுதி உண்டு, விண்ணப்பம் உண்டு, மறுக்கப்பட்டால் முறையிடும் வழியும் உண்டு.

விதியே எட்டாத வீடு ஒன்று உண்டு. கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட, ரங்கலை, புசல்லாவை என்று கண்டியைச் சூழ்ந்த எத்திசையிற் சென்றாலும் அதைக் காணலாம். அதுவே லயன்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று பெயர்பெற்ற காம்பராக்கள். அவை பத்தோ பன்னிரண்டோ ஒரே வரிசையில், சிலவிடங்களில் முதுகோடு முதுகாய் இரட்டை வரிசையில். மேலே ஒரே நீளத் தகரக் கூரை. அந்த லயனை எங்கே அமைப்பது என்பதைத் தீர்மானித்தவன் அதில் வாழவிருந்தவன் அல்லன். நல்ல மண் தேயிலைக்கு, சமதரை தொழிற்சாலைக்கு, காட்சி நல்ல மேடு துரையின் பங்களாவுக்கு, எஞ்சிய இடம் லயனுக்கு. எல்லாத் தோட்டங்களிலும் இவ்வாறே என்று நான் சொல்லவில்லை. கவலையோடு இடம் பார்த்து அமைத்தவர்களும் இருந்தனர். ஆனால் ஓடைக்கரையிலும், வெட்டிய சரிவின் அடியிலும், மேலே தேயிலை மலை நிற்க அதன் பள்ளத்திலும் எத்தனை லயன்கள் உள்ளன என்பதை மலைநாட்டிற் பயணம் செய்வோர் தம் கண்ணாற் காணலாம். பழைய சிற்றூரான் காட்டுக்குக் கீழே, தோட்டத்தின் அடியில், தானே இடம் தெரிந்து வாழ்ந்தான். லயனில் வாழ்ந்தவனுக்கு அத்தெரிவு ஒருபோதும் கிட்டவில்லை.

அக்கால அரசினர் லயனைப் பற்றிக் கவலைப்படவேயில்லை என்பதும் உண்மையன்று. 1912-ஆம் ஆண்டளவில் இயற்றப்பட்ட தொழிலாளர் நோய் பற்றிய சட்டங்கள் லயன்களின் துப்புரவைப் பார்வையிட வழி செய்தன. அங்கும் அச்சம் நோயைப் பற்றியதே. உழைப்பவன் படுத்துவிட்டால் கொழுந்து நின்றுவிடும். மலை சரிந்தால் என்னாகும் என்று கேட்டவர் இலர். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் இம்மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். வாக்கில்லாதவனின் கூரையைப் பற்றி எந்த உறுப்பினர் சபையில் எழுந்து பேசுவார்? எழுபதுகளின் நிலச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. தொண்ணூறுகளில் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. இத்தனை கைமாறியும் லயன் காம்பராவின் உறுதி அதில் வாழ்ந்தவன் கைக்கு மாறவில்லை. நாடற்றோராய் எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இல் நிறைவேறியது.

கட்டட விதியைப் பொறுத்தவரை இதன் விளைவு தெளிவானது. 1987-ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் கிராமப் புறங்களின் தெரு, கட்டடம், சுகாதாரம் ஆகியவற்றைப் பிரதேச சபைகளிடம் ஒப்படைத்தது. ஆனால் அச்சட்டத்தின் 33-ஆம் பிரிவு, தோட்ட எல்லைக்குள் சபையின் பணத்தைச் செலவிட இடந்தரவில்லை. வாக்களிக்கும் உரிமை வந்தபின்னும், வாக்குப் பெற்ற உறுப்பினர் தம் ஊருக்கு ஒரு வடிகாலேனும் வெட்ட முடியாத நிலை முப்பது ஆண்டுகள் நீடித்தது. 2018-இலேயே அப்பிரிவு திருத்தப்பட்டது. மழை நீரை ஒழுங்காக வெளியேற்றும் ஒரு வடிகால், சரிவில் நிற்கும் வீட்டுக்கு எத்தகைய காவல் என்பதை முன்னரே கூறினேன். ஒரு வடிகாலுக்கு முப்பதாண்டு!

2014-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாட் காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்களை மலை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று ஆராய்ச்சி நிறுவனம் 2005-இலும் 2011-இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை பொய்க்கவில்லை, வரைபடம் தவறவில்லை. வெளியேறு என்று சொன்னவர்கள், எங்கே போவது என்பதற்கு விடை வைத்திருக்கவில்லை. 2016 மே 17-ஆம் நாள் கேகாலை அரநாயக்கையில் மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோரைப் புதைத்தபோதும், மழையைக் கொண்டுவந்தது வங்கக் கடலிற் பின்னர் சூறாவளியாக வளர்ந்த ஒரு தாழமுக்கமே. காற்று வலயப் படத்தில் அதற்கும் மூன்றாம் இடந்தான்.

பின்னர் 2025-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா வந்தது. அரபுக் கடலின் சொக்கோத்திரா தீவிலுள்ள ஒரு களப்பின் பெயரை யேமன் நாட்டார் அச்சூறாவளிக்கு வைத்திருந்தனர். காற்றின் வேகத்தில் அது மட்டக்களப்புச் சூறாவளியின் அருகே நிற்கவும் தகுதியற்றது. ஆனால் அது விரைந்து கடந்து போகாமல், மலைநாட்டின் மேல் மெல்ல நகர்ந்து மழையைக் கொட்டியது. பல இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீற்றருக்கு மேல் பெய்தது. வெளியேற்ற எச்சரிக்கைக்கு வகுத்த அளவின் இரு மடங்கு அது. மகாவலி பெருகிக் கம்பளையையும் பேராதனைப் பக்கத்தையும் மூடியது. அலவத்துகொடைப் பக்கத்திலும் வேறு பலவிடங்களிலும் சரிவுகள் வீடுகளை வாரிக்கொண்டன. நாடெங்கும் அறுநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டங்களுள் மிகுந்த உயிரிழப்பு கண்டியிலேயே. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று மலை வேறுபாடு பார்க்கவில்லை. கிராமத்து வீடும் மாடி வீடும் லயனும் ஒருங்கே புதைந்தன. மூன்றாம் வலயம், காற்றுக்கு அஞ்சவேண்டாத வலயம், ஒரு சூறாவளியின் மிகப் பெரிய பலியைக் கொடுத்தது.

அந்நாட்களில் மக்கள் எங்கே சென்றனர் என்பதை அதிபராகிய நான் சொல்லாமல் விட இயலாது. கோயிலுக்கும் விகாரைக்கும் பள்ளிவாசலுக்கும் சென்றனர்; எல்லாவற்றையும் விட மிகுதியாகப் பாடசாலைக்கு வந்தனர். வகுப்பறை மேசைகளை ஒன்றுசேர்த்துப் பிள்ளைகளைப் படுக்க வைத்தனர். பாடசாலை என்பது, யாரும் கட்டளையிடாமலே, 1980-ஆம் ஆண்டு நூல் வகுத்த பேரிடர்க் கட்டடமாகிவிடுகின்றது. அதற்கேற்ப அதன் கூரை பூட்டப்பட்டதா, அதன் பின்னாலுள்ள சரிவு ஆராயப்பட்டதா என்று ஒவ்வொரு பாடசாலையிலும் கேட்கவேண்டிய காலம் இது. மலைநாட்டுப் பாடசாலைகளிற் பல, சரிவை வெட்டிச் சமப்படுத்திய நிலத்திலேயே நிற்கின்றன.

வீடிழந்தோருக்கு வீடமைத்தல் பற்றி இப்போது பேச்சு மிகுதி. இந்திய அரசின் உதவியோடு மலையகத்தில் முன்னர் 4,000 வீடுகளும், 2017-இல் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்ட மேலும் 10,000 வீடுகளும் என்று தனி வீட்டுத் திட்டங்கள் நடந்து வந்துள்ளன. லயனை விட்டு வெளியேறியவர்க்கு ஏழு பேர்ச்சஸ் நிலமும் உறுதியும் என்பது அவற்றின் அடிப்படை. புதிதாக எழும் ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று தாள்கள் வேண்டும். ஒன்று, அச்சரிவு குடியிருக்கத் தக்கது என்னும் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை. மற்றொன்று, பிரதேச சபை அங்கீகரித்த வரைபடமும் கட்டி முடிந்தபின் தரும் சான்றிதழும். மூன்றாவது, குடியிருப்பவரின் பெயரில் எழுதிய உறுதி. முதல் இரண்டையும் அலுவலர் தாமே விரைந்து முடித்துக் கொடுக்கலாம். மூன்றாவது தாள் இன்றேல், அடுத்த மழையில் சுவர் பிளந்தால் யார் பழுதுபார்ப்பது, வடிகாலை யார் துப்புரவாக்குவது, வீட்டின் பின்னால் இன்னுமோர் அறை இறக்க மலையை வெட்டினால் யார் தடுப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் தோட்டம் சபையைக் காட்டும். சபை தோட்டத்தைக் காட்டும். கண்டி மாவட்டத் தோட்டங்களில் இன்றும் உறுதி பெறாத குடும்பங்கள் மிகப் பல.